சுருக்கமும் செம்மையும்
தருக்கச் சார்புகளை எளிதாக்கும் முறை பற்றிய ஒரு திறனாய்வு

மாத்தளை நகரிலிருந்து ரத்தோட்டை வழியாக ரிவர்ஸ்டன் மலைக்குச் செல்லும் பாதை நேரிய பாதையன்று. தேயிலைத் தோட்டங்களைக் கடந்து நக்கிள்ஸ் மலைத்தொடரின் சரிவிலே அது வளைந்து வளைந்து ஏறுகின்றது. கண்ணுக்கு அண்மையிலே தோன்றும் உச்சியை அடைவதற்குப் பேருந்து பன்முறை திரும்ப வேண்டியிருக்கின்றது. இரு புள்ளிகளை இணைக்கும் மிகக் குறுகிய கோடு நேர்கோடே என்பதை அப்பாதையை அமைத்தோர் அறியாதவரல்லர். ஆயினும் அவர்கள் தூரத்தைக் குறைக்க முயலவில்லை; ஏற்றத்தின் கடுமையைக் குறைக்கவே முயன்றனர். எதனைக் குறைப்பது என்ற வினாவுக்கு முதலில் விடை கண்டு, அதன் பின்னரே எவ்வாறு குறைப்பது என்ற வினாவுக்குச் சென்றனர்.

இவ்விரு வினாக்களின் வரிசை முறை மலைப்பாதைக்கு மட்டும் உரியதன்று. எண்முறை மின்சுற்றுக்களை அமைக்குங்கால் தருக்கச் சார்புகளை எளிதாக்கும் கலைக்கும் அது பொருந்தும். இக்கலை இன்று நம் நாட்டிலே க. பொ. த. உயர்தர வகுப்பின் தகவல் தொடர்பாடல் தொழினுட்பப் பாடத்தில் இடம்பெறுகின்றது. பூலியன் அட்சரகணிதம், தருக்கப் படலைகள், காணோ வரைபடம் ஆகியவை தமிழ் மொழியிலேயே கற்பிக்கப்படுகின்றன. இது மகிழ்ச்சிக்குரியதே. ஆயினும் எவ்வாறு குறைப்பது என்பது நன்கு கற்பிக்கப்படும் அளவிற்கு, எதனைக் குறைக்கின்றோம், ஏன் குறைக்கின்றோம் என்பவை கற்பிக்கப்படுகின்றனவா என்பது ஆராயத்தக்கது. சுருக்கம் என்பது தன்னளவிலே சிறப்பாகுமா, அன்றி ஒரு பயன் நோக்கியே சிறப்பாகுமா என்பதே இங்கு எழும் வினா.

முறையின் வரலாறு

தருக்கத்தைக் கணிதமாக்கிய பெருமை ஜோர்ஜ் பூல் என்பாருக்கு உரியது. 1815இல் இங்கிலாந்திலுள்ள லிங்கன் நகரிலே பிறந்த அவர் பல்கலைக்கழகப் பட்டம் எதனையும் பெற்றவரல்லர். பள்ளி ஆசிரியராகத் தொழில் செய்து, பத்தொன்பதாவது வயதிலே தாமே ஒரு பள்ளியை நிறுவி நடத்தியவர். தாமே கற்றுத் தேர்ந்த கல்வியின் பயனாக 1849இல் அயர்லாந்தின் கோர்க் நகரிலே கணிதப் பேராசிரியரானார். அவருடைய முதல் தருக்க நூல் 1847இலும், அதன் விரிவாகிய பெருநூல் 1854இலும் வெளிவந்தன. அவரோடு கடிதத் தொடர்பு கொண்டிருந்த அகஸ்தஸ் டி மோர்கன் என்னும் அறிஞரும் அதே 1847ஆம் ஆண்டிலே தருக்க நூலொன்றை வெளியிட்டார். இவர் 1806இல் தமிழகத்து மதுரையிலே பிறந்தவர் என்பது தமிழ் மாணவர்க்கு உவகை தரும் செய்தியாகும். கைக்குழந்தையாக இருந்தபோதே இங்கிலாந்துக்குக் கொண்டு செல்லப்பட்டமையின் அவர் தமிழ் கற்க வாய்ப்பின்றிப் போயிற்று. எனினும், அவர் பெயரால் வழங்கும் விதி இன்று உலகெங்கணும் மாணவராற் பயிலப்படுகின்றது.

இவ்விருவரும் மின்சுற்றுக்களை எண்ணிப் பார்த்தவரல்லர். அவர்தம் கணிதம் சிந்தனையின் ஒழுங்கைக் காட்டுவதற்கென எழுந்தது. அக்கணிதத்தை ஆளிகளின் மீது ஏற்றியவருள் தலையாயவர் குளோட் ஷனன். மசசூசெற்ஸ் தொழினுட்ப நிறுவனத்திலே 1937இல் அவர் எழுதி, அடுத்த ஆண்டிலே வெளிவந்த முதுமாணி ஆய்வு, ஒரு கோவையைச் சுருக்குவதும் ஒரு சுற்றிலுள்ள ஆளிகளைக் குறைப்பதும் ஒன்றே என்பதை நிறுவிற்று. தொலைபேசி நிலையங்களில் ஆயிரக்கணக்கான மின்காந்த ஆளிகள் இயங்கிய காலம் அது. ஓர் ஆளியைக் குறைத்தால் பணமும் இடமும் மிஞ்சும். பழுதுபடும் உறுப்பொன்றும் குறையும். எனவே அக்காலத்திலே சுருக்கம் சிறப்பென்பதற்கு வேறு நியாயம் வேண்டப்படவில்லை.

1952இல் எட்வேர்ட் வீச் என்பார் வகுத்த கட்டப்படத்தை, 1953இல் பெல் ஆய்வுகூடத்தைச் சார்ந்த மோறிஸ் காணோ செப்பம் செய்தார். அயலிலுள்ள கட்டங்கள் ஒரே ஒரு மாறியால் மட்டும் வேறுபடுமாறு ஒழுங்குபடுத்தியமையே அவர் செய்த நுட்பம். கண்ணாற் கண்ட மாத்திரத்தே எவ்வுறுப்புக்களை ஒன்று சேர்க்கலாம் என்பது அதனால் தெளிவாயிற்று. மாறிகள் நான்கிற்கு மேற்படின் இப்படம் கண்ணுக்கு எளிதன்று. குவைன் தொடங்கி 1956இல் மக்கிளஸ்கி நிறைவு செய்த அட்டவணை முறை அங்கே பயன்படும். அதனைக் கணினியும் செய்ய வல்லது. ஆயினும் மாறிகள் பெருகுந்தோறும் அட்டவணையும் இரட்டித்துப் பெருகுதலின், மிகச் சுருங்கியது இதுவே என உறுதி செய்தல் கணினிக்கும் அரிதாகின்றது. 4 மாறிகளுக்கு 16 நிரைகள் போதும். 10 மாறிகளுக்கு 1,024 நிரைகள் வேண்டும்.

ஒரு மலையுச்சி உதாரணம்

ரிவர்ஸ்டன் உச்சியிலே தொலைத்தொடர்புக் கோபுரம் ஒன்று நிற்கின்றது. பலத்த காற்றும் மூடுபனியும் அம்மலைக்கு இயல்பு. அத்தகைய ஓரிடத்திலே இயங்கும் கருவிக்கு இரு வழிகளில் மின் கிடைப்பதாகக் கொள்வோம்: ஒன்று பொது மின்வழங்கல், மற்றையது மின்பிறப்பாக்கி. இவற்றுள் ஒன்றைத் தெரிவதற்கு ஓர் ஆளி உண்டு. இங்கு விவரிக்கப்படும் சுற்று அக்கோபுரத்தில் உண்மையாகவே உள்ளதன்று. விளக்கத்தின் பொருட்டுப் புனைந்து கொண்டது.

பொது மின் செவ்வையாக இருப்பதை ‘அ’ எனவும், பிறப்பாக்கியின் மின் செவ்வையாக இருப்பதை ‘இ’ எனவும், ஆளி பொது மின்னின் பக்கம் இருப்பதை ‘உ’ எனவும் குறிப்போம். தெரிந்தெடுக்கப்பட்ட மின் செவ்வையாக இருப்பின் ‘கருவி இயங்கலாம்’ என்னும் குறிப்பு 1 ஆக வேண்டும். அன்றேல் 0 ஆக வேண்டும். மாறிகள் மூன்றாதலின் உண்மை அட்டவணையில் எட்டு நிரைகள் உண்டு. அவற்றுள் நான்கில் விடை 1 ஆகும். ஆளி பொது மின்னின் பக்கம் இருக்கையில் அ செவ்வையாயின், இ எந்நிலையில் இருப்பினும் விடை 1. இவை இரு நிரைகள். ஆளி பிறப்பாக்கியின் பக்கம் இருக்கையில் இ செவ்வையாயின், அ எந்நிலையில் இருப்பினும் விடை 1; இவை மற்றிரு நிரைகள்.

இந்நான்கு நிரைகளையும் அவ்வாறே எழுதிச் சுற்றமைப்பின், மூன்று உள்ளீடுகளையுடைய ‘உம்’ படலைகள் நான்கும், ‘அல்லது’ படலை ஒன்றும், ‘அல்ல’ படலைகள் மூன்றுமாக எட்டுப் படலைகள் வேண்டும். காணோ வரைபடத்தில் இட்டு நோக்கின், முதலிரு நிரைகளும் ஒரு சோடியாகி ‘உ உம் அ’ எனச் சுருங்கும். ஏனைய இரண்டும் மற்றொரு சோடியாகி ‘உ அல்ல, உம் இ’ எனச் சுருங்கும். இப்போது வேண்டப்படும் படலைகள் நான்கே: ‘உம்’ இரண்டு, ‘அல்லது’ ஒன்று, ‘அல்ல’ ஒன்று. எட்டு நான்காயிற்று. இம்முறையின் அழகை யாவரும் ஒப்புவர்.

ஆனால் அவ்வரைபடத்திலே மூன்றாவது சோடி ஒன்றும் உண்டு. ‘அ உம் இ’, அதாவது இரு மின்களும் செவ்வையாக உள்ளன என்பதே அது. முதலிரு சோடிகளும் நான்கு கட்டங்களையும் மூடிவிட்டமையால் இது மிகையெனத் தள்ளப்படுகின்றது. வினாத்தாளிலே இதனைச் சேர்த்து எழுதிய மாணவன் முற்றச் சுருக்காதவனாகக் கருதப்படுவான்.

மிகையெனத் தள்ளியது மிகைதானா?

இரு மின்களும் செவ்வையாக இருக்கும் வேளையிலே ஆளியைப் பொது மின்னிலிருந்து பிறப்பாக்கிக்கு மாற்றுவதாகக் கொள்வோம். மாற்றத்திற்கு முன்னும் விடை 1. பின்னும் விடை 1. அட்டவணையின்படி எவ்விடையூறும் இல்லை. ஆனால் அட்டவணை காலத்தை அறியாது. சுற்றோ காலத்துக்கு உட்பட்டது. உ என்பது 1 இலிருந்து 0 ஆனவுடன் முதற் படலை வீழ்ந்துவிடுகின்றது. இரண்டாம் படலை எழவேண்டுமாயின் ‘அல்ல’ படலை தன் விடையை மாற்றியாக வேண்டும். அதற்குச் சில நனோ செக்கன்கள் செல்லும். அவ்விடைவெளியில் இரு படலைகளும் 0 ஆகவே, இறுதி விடையும் கணப்பொழுது 0 ஆகி மீண்டும் 1 ஆகின்றது.

கணப்பொழுதுதானே என்று அமைதி கொள்வதற்கில்லை. விடை ஒரு மின்குமிழை ஏற்றுவதாயின் கண் அதனை அறியாது. ஆனால் அவ்விடை ‘எழுவிழு’ எனப்படும் நினைவுச் சுற்றொன்றைச் சென்று சேருமாயின், அச்சுற்று அக்கணவீழ்ச்சியை உண்மையான மின்தடையென்று பதிந்து கொள்ளலாம். பதிந்தபின் கருவியை நிறுத்திவிடலாம். இரு மின்களும் செவ்வையாக இருக்கையில், மின் இல்லையென்று கருவி நின்றுபோகும். மழையிலும் காற்றிலும் ஒருவர் மலையேறிச் சென்று பார்ப்பின் எப்பழுதும் காணப்படாது. ஏனெனில் பழுது எவ்வுறுப்பிலும் இல்லை, சுருக்கத்திலேயே இருக்கின்றது.

தள்ளப்பட்ட மூன்றாவது சோடியைத் திரும்பச் சேர்த்தால் இவ்விடர் நீங்கும். இரு மின்களும் செவ்வையாக உள்ளவரை ‘அ உம் இ’ என்னும் படலை ஆளியின் நிலையைப் பாராது 1 ஆகவே நிற்கும். இடைவெளியை அது மூடிவிடும். படலைகள் நான்கிலிருந்து ஐந்தாகும். செலவு சிறிது, காவல் பெரிது. இத்தகைய இடர்களை ஆராய்ந்து, அவை நேராதவாறு சுற்றமைக்கும் முறையை டேவிட் ஹஃப்மன் 1957இலேயே வெளியிட்டுள்ளார். காணோவின் படம் வந்து நான்கே ஆண்டுகளில் அதன் எல்லையும் சுட்டப்பட்டுவிட்டது. படம் பள்ளிக்கு வந்தது, எல்லை வரவில்லை.

இவ்விடத்து மறுபக்கத்தையும் கூறுதல் நியாயம். கடிகாரத் துடிப்பொன்றுக்கு இயைந்து இயங்கும் சுற்றுக்களில், விடை நிலைபெற்ற பின்னரே அது நினைவிற் கொள்ளப்படுமாதலின், இடையே தோன்றும் வீழ்ச்சி தீங்கு செய்யாது. இக்காலக் கணினிகளிற் பெரும்பாலானவை அவ்வாறு இயங்குவனவே. மேலும் மிகைப் படலைக்கும் ஒரு குறையுண்டு. அது பழுதாகி எப்பொழுதும் 0 ஆகவே நின்றுவிடினும், நிலைபெற்ற உள்ளீடுகளைக் கொடுத்துச் செய்யும் எச்சோதனையும் அப்பழுதைக் காட்டாது. ஏனைய படலைகள் விடையைச் சரியாகவே தந்து கொண்டிருக்கும். எனவே மிகை என்றும் நன்று என்பதும் தவறு; சுருக்கம் என்றும் நன்று என்பதும் தவறு. இடமும் பயனும் நோக்கியே இரண்டும் மதிக்கப்படும்.

எண்ணுவது எதனை?

இனி, படலைகளை எண்ணுவதே சரியான அளவுகோலா என்பதையும் நோக்குதல் வேண்டும். ஏட்டிலே ‘உம்’ படலை எளியது. ‘உம் அல்ல’ என்னும் படலை, அதனோடு ஒரு மறுப்பும் சேர்ந்தமையால், சிக்கலானது போலத் தோன்றும். இக்காலச் சில்லுகளின் உள்ளமைப்பிலோ நிலைமை தலைகீழாகும். இரு உள்ளீடுகளையுடைய ‘உம் அல்ல’ படலைக்கு நான்கு திரான்சிற்றர்கள் போதும். ‘உம்’ படலைக்கு ஆறு வேண்டும், ஏனெனில் அது முன்னையதோடு இரு திரான்சிற்றர்களாலான மறுப்பைச் சேர்த்தே ஆக்கப்படுகின்றது. ‘அல்லது’ படலைக்கும் ஆறு வேண்டும்.

இங்கேதான் மதுரையிற் பிறந்த டி மோர்கனின் விதி துணைக்கு வருகின்றது. ‘இரண்டும் உண்டு’ என்பதை மறுத்தல் ‘ஒன்றாவது இல்லை’ என்பதற்குச் சமம் என்பது அவ்விதி. இதனைக் கொண்டு மேற்கூறிய நான்கு படலைச் சுற்றை ‘உம் அல்ல’ படலைகள் மூன்றாலும் மறுப்பு ஒன்றாலும் அமைக்கலாம். முன்னைய வடிவிலே திரான்சிற்றர்கள் 20, இவ்வடிவிலே 14. படலைகளின் தொகை இரண்டிலும் நான்கே. கோவையிலே காணப்படாத வேறுபாடு சில்லிலே காணப்படுகின்றது.

பள்ளி ஆய்வுகூடத்திலும் இதனைச் செய்து காணலாம். 1960களிலே வெளிவந்து இன்றும் கிடைக்கும் 7400 என்னும் சில்லிலே ‘உம் அல்ல’ படலைகள் நான்கு உண்டு. ஒன்றின் இரு உள்ளீடுகளையும் இணைத்தால் அது மறுப்பாகும். ஆகவே முழுச் சுற்றும் ஒரே சில்லில் அடங்கிவிடும். ஏட்டிலுள்ளவாறே ‘உம்’, ‘அல்லது’, ‘அல்ல’ என அமைக்கப் புகுவோர் மூன்று வகைச் சில்லுகளைத் தேட நேரும். அவற்றுட் பெரும்பாலான படலைகள் பயனின்றிக் கிடக்கும்.

மற்றொரு குறையும் உண்டு. காணோ வரைபடம் தேடுவது ‘பெருக்கங்களின் கூட்டு’ என்னும் ஒரே வடிவத்தை. அவ்வடிவத்துக்குள் அடங்காத எளிமையை அது காண்பதில்லை. செய்தி அனுப்புங்கால் பிழை நேர்ந்ததோ என அறியும் பொருட்டு, நான்கு இலக்கங்களில் ஒன்றுகளின் தொகை ஒற்றையா இரட்டையா எனக் காணும் சார்பை எடுத்துக் கொள்வோம். வரைபடத்திலே அதன் ஒன்றுகள் சதுரங்கப் பலகையின் கருங்கட்டங்கள் போல ஒன்றையொன்று தொடாது நிற்கும். சேர்க்கத்தக்க சோடி எதுவும் இல்லை. எனவே ஒவ்வொன்றும் நான்கு மாறிகளையுடைய எட்டு உறுப்புக்களையும் அவ்வாறே எழுத வேண்டும். இதற்குமேற் சுருங்காது என்பதே வரைபடம் கூறும் தீர்ப்பு. ஆனால் ‘இரண்டில் ஒன்று மட்டும்’ எனப் பொருள்படும் படலைகள் மூன்றைத் தொடுத்தால் அவ்வேலை முடிந்துவிடும். சுருங்காதது சார்பன்று, அதனை நோக்கிய கண்ணே குறுகியது.

இன்னும் ஒருபடி செல்லின், வேண்டியவாறு மீள அமைத்துக் கொள்ளத்தக்க சில்லுகள் இப்போது பெருவழக்காயுள்ளன. அவற்றுட் சார்பொன்று சிறியதோர் அட்டவணையாகவே பதிக்கப்படுகின்றது. நான்கு உள்ளீடுகளுக்கென அமைந்த அட்டவணையில் எச்சார்பை இட்டாலும் செலவு ஒன்றே. நான்கு மாறிகளைக் கொண்டு ஆக்கத்தக்க சார்புகள் 65,536. அவை அனைத்தும் அங்கே ஒரே விலையுடையன. அங்கே உறுப்பொன்றைச் சுருக்கிய மாணவன் எதனையும் மிச்சப்படுத்தியவனாகான். உள்ளீடொன்றை நீக்கியவனே மிச்சப்படுத்தியவனாவான்.

கற்பித்தலுக்கு ஒரு சொல்

இவற்றால் காணோ வரைபடத்தைப் பாடத்தினின்று நீக்க வேண்டும் என்பது பெறப்படாது. அது மாணவனின் கண்ணைப் பழக்குகின்றது. வெவ்வேறாகத் தோன்றும் இரு கூற்றுக்கள் ஒன்றே எனக் காணும் அறிவைத் தருகின்றது. பூலும் டி மோர்கனும் விரும்பிய சிந்தனைத் தெளிவு அதுவே. குறை முறையில் இல்லை. முறையை முடிவாகக் கொள்வதில் உள்ளது. கட்டங்களை வளைத்து வட்டமிட்டு விடை கண்ட மாணவனை நோக்கி, ‘இதனாற் குறைந்தது யாது?’ எனக் கேட்பின், ‘எழுத்துக்கள் குறைந்தன’ என்னும் விடையோடு அவன் நின்றுவிடலாகாது. விலை குறைந்ததா, காலம் குறைந்ததா, பிழை குறைந்ததா என அவன் மேலும் வினவப் பழக வேண்டும்.

அதற்குப் பெருஞ்செலவு வேண்டியதில்லை. ஒவ்வொரு பயிற்சியிலும் ‘எளிதாக்குக’ என்னும் ஏவலோடு ‘எதன் பொருட்டு’ என்னும் ஒரு சொற்றொடரைச் சேர்த்தாற் போதும். படலைகள் குறையுமாறு, ஒரே வகைச் சில்லால் அமையுமாறு, ஆளி மாறுங்கால் விடை தளராதவாறு என வினா அமையின், ஒரே சார்புக்கு மூன்று விடைகள் கிடைக்கும், மூன்றும் சரியானவையாகும். ஒரு வினாவுக்குச் சரியான விடைகள் பல இருக்கலாம் என்றறிதல் தொழினுட்பக் கல்வியின் தொடக்கமாகும். பரீட்சைக்கு அப்பால் சுற்றொன்றைத் தன் கையால் அமைக்கப் போகும் மாணவனுக்கு, ஒற்றை விடையிலும் இவ்வறிவே துணையாவது.

தமிழ் மாணவர்க்கு இக்கருத்துப் புதியதன்று. நன்னூலை இயற்றிய பவணந்தி முனிவர் நூலுக்குரிய அழகுகளைத் தொகுக்கும்போது சுருக்கத்துக்கு முதலிடம் தந்தார். ஆயினும் அதனையடுத்துத் தெளிவை வைத்தார். நூலுக்குரிய குற்றங்களைத் தொகுக்கும்போதோ, மிகுத்துச் சொல்லுதலை இரண்டாவதாகவும் குறைத்துச் சொல்லுதலை முதலாவதாகவும் வைத்தார். இவ்வைப்பு முறை சிந்திக்கத்தக்கது. சுருக்கத்தை அழகென மதித்த அதே ஆசிரியர், அளவிறந்த சுருக்கத்தைக் குற்றங்களின் தலையிலே நிறுத்தியுள்ளார். நூலுக்குச் சொன்ன அவ்விதி சுற்றுக்கும் பொருந்துகின்றது.

ரிவர்ஸ்டனுக்கு ஏறும் பாதையிலே ஒவ்வொரு வளைவும் வரைபடத்தில் மிகையாகவே தோன்றும். அவ்வளைவுகளை நீக்கி நேர்கோடிட்டால் தூரம் குறையும், பேருந்து ஏறாது. வளைவுகளின் பயன் ஏறிச் செல்வோர்க்கே புலனாகும். தருக்கச் சார்புகளை எளிதாக்கக் கற்கும் இளைஞரும், ஓர் உறுப்பை மிகையென்று அடிப்பதற்கு முன்னர், அது எவ்விடத்தில் எதனைக் காத்து நிற்கின்றது என ஒருகணம் எண்ணிப் பார்ப்பாராயின், அவர் கற்ற கல்வி ஏட்டோடு நில்லாது உலகிற்குப் பயன்படுவதாகும்.